அமால்ஃபி கடற்கரையில் தங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு இத்தாலியில், நேப்பிள்ஸுக்குத் தெற்கே, மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் ஒரு கரை இருக்கிறது. திருமண நாளுக்காக, ஓய்வு பெற்ற மகிழ்ச்சிக்காக, வாழ்க்கையில் ஒருமுறையாவது பெரிய ஹோட்டலில் தங்க வேண்டும் என்ற ஆசைக்காக அங்கே போகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் இருமுறை போயிருக்கிறேன். இரண்டாவது முறைதான் அந்த ஊர் எனக்குப் பிடிபட்டது.

அமால்ஃபி என்பது ஓர் ஊரா, முழுக் கரையின் பெயரா?

இரண்டும்தான். அமால்ஃபி ஒரு சிறிய ஊர். அதன் பெயரில் வழங்கும் கரையில் கிழக்கே வியெத்ரி தொடங்கி மேற்கே பொசிட்டானோ வரை 13 ஊராட்சிகள் உள்ளன. 1997இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சோரென்டோவும் காப்ரி தீவும் இதில் சேராது. சோரென்டோ அதே தீபகற்பத்தின் மறுபக்கத்தில், நேப்பிள்ஸ் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. நல்ல ஊர்தான். ஆனால் அங்கே அறை எடுத்துவிட்டு, "தினமும் அமால்ஃபி போய் வரலாம்" என்று நினைத்தால் பாதி நாள் பேருந்திலேயே கழிந்துவிடும்.

எந்த ஊரில் தங்குவது?

எந்த ஹோட்டல் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. இந்தக் கரையில் ஊரை மாற்றினால் பயணமே வேறாகிவிடும்.

பொசிட்டானோ எல்லாரும் படத்தில் பார்த்த ஊர். இளஞ்சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். கீழே சாந்தா மரியா அசுந்தா தேவாலயத்தின் ஓடு பதித்த குவிமாடம். அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் காலை பத்து மணிக்கு மேல் படகு படகாகக் கூட்டம் வந்து இறங்கும். மாலை ஆறு மணிக்குக் கடைசிக் கூட்டம் போன பிறகு, ஊர் மூச்சு விடுவது தெரியும். அங்கேயே தங்குபவர்களுக்குத்தான் அந்த இரண்டாவது பொசிட்டானோ கிடைக்கும்.

அமால்ஃபி நடுவில் இருக்கிறது. படகு, பேருந்து இரண்டும் அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு காலத்தில் வெனிஸ், ஜெனோவா, பிசாவோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கடல் வணிகக் குடியரசு அது. 1343இல் வந்த பெரும் கடல்சீற்றம் ஊரின் கீழ்ப்பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருப்பதே இவ்வளவு அழகு. பத்து நிமிடம் நடந்தால் அத்ரானி. 0.12 சதுர கிலோமீட்டர்தான். பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய ஊராட்சி. இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே போங்கள். சதுக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

ரவெல்லோ மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரை கிடையாது. தோட்டம், இசை, அமைதி. வயதானவர்களோடு போனால் என் தேர்வு இதுதான். சதுக்கத்தைச் சுற்றி ஓரளவு சமதளம், இரவில் காற்று, கீழே விளக்குகள்.

ப்ராயானோவும் கொன்கா தெய் மரீனியும் இடைப்பட்டவை: கூட்டம் குறைவு, கடைகளும் குறைவு, சூரியன் மறைவது நன்றாகத் தெரியும். மையோரியும் மினோரியும் உள்ளூர்க் குடும்பங்கள் வந்து போகும் ஊர்கள். விலை சற்று இறங்கும், படிகளும் குறையும்.

இவ்வளவு விலை கொடுப்பது தகுமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் வரிசை ஹோட்டல்களில் ஓர் இரவுக்கு 1000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். அதைவிடப் பல மடங்கு போகும் அறைகளும் உண்டு. அந்தப் பணத்துக்கு மெத்தையும் குளியலறையும் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் தகாது.

ஆனால் இங்கே பல ஹோட்டல்கள் ஹோட்டலாகக் கட்டப்பட்டவை அல்ல. பொசிட்டானோவின் லெ சிரெனூசே, செர்சாலே குடும்பத்தின் கோடைக்கால வீடாக இருந்து 1951இல் ஹோட்டலானது. அமால்ஃபியின் சாந்தா கத்தரீனா 1904இலிருந்து நடக்கிறது. கொன்காவின் மொனாஸ்தேரோ சாந்தா ரோசா, 17ஆம் நூற்றாண்டுக் கன்னியர் மடம். இப்போது 20 அறைகள் மட்டுமே. ரவெல்லோவின் கருசோ 11ஆம் நூற்றாண்டு மாளிகை. பொசிட்டானோவுக்கு வெளியே இருக்கும் இல் சான் பியெத்ரோ 1970இல் திறந்தது. சாலையிலிருந்து பார்த்தால் ஹோட்டல் இருப்பதே தெரியாது. பாறைக்குள் குடைந்த லிஃப்டில் இறங்கினால் கடல் ஓரத்தில் கதவு திறக்கும்.

என் ஆலோசனை இது. ஐந்து நாளும் பெரிய ஹோட்டல் வேண்டாம். மூன்று நாள் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய விடுதியில் இருந்து ஊர் சுற்றுங்கள். கடைசி இரண்டு இரவு பெரிய இடத்தில் எடுங்கள். அந்த இரண்டு நாளும் வெளியே போகாதீர்கள். காலை ஆறரைக்கு எழுந்து மொட்டை மாடியில் உட்காருங்கள்; மீன்பிடிப் படகு திரும்பும் சத்தம் மேலே வரை கேட்கும். நீங்கள் விலை கொடுத்தது அந்த நேரத்துக்குத்தான். காலையில் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்புகிறவருக்கு 1200 யூரோ அறையும் 150 யூரோ அறையும் ஒன்றே.

தங்க முடியாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் மதிய உணவுக்கோ மாலைப் பானத்துக்கோ முன்பதிவு செய்து போகலாம்.

அறை பதிவு செய்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: சாலையிலிருந்து வரவேற்பறைக்கு எத்தனை படி? இரண்டாவது: அங்கிருந்து என் அறைக்கு எத்தனை படி? கடல் தெரியுமா என்பதெல்லாம் அப்புறம்.

முதல் பயணத்தில் நாங்கள் எடுத்த விடுதி, "சாலையிலிருந்து இரண்டே நிமிடம்" என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் 160 படிகள் இருந்தன. என் அம்மா நடுவில் ஒரு வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளிருந்து ஒரு பாட்டி வந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பொசிட்டானோவில் பெட்டி சுமக்க ஆள் உண்டு, முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்பது எங்களுக்கு அன்று தெரியாது.

மற்றவை: லிஃப்ட் எல்லாத் தளங்களுக்கும் போகுமா, கடலுக்கு இறங்கும் வழி படியா லிஃப்டா, ஊருக்குப் போய்வர வண்டியோ படகோ விடுகிறார்களா. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு தங்கும் வரி தனியாக வரும். பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. விண்ணப்பத்தோடு தங்குமிடப் பதிவும் காட்ட வேண்டும். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பதிவு செய்யுங்கள்.

எப்போது போவது நல்லது?

மே மாதம், அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் பாதி வரை. ஆகஸ்டைத் தவிருங்கள். இத்தாலி முழுதும் விடுமுறையில் இருக்கும் மாதம் அது; ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் சாலையில் வண்டி நகராது. பெரிய ஹோட்டல்களில் பல நவம்பரில் மூடி வசந்தத்தில்தான் திறக்கும். அப்போது படகும் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

எப்படிப் போய்ச் சேருவது? கார் வாடகைக்கு எடுக்கலாமா?

கார் வேண்டாம் என்பது என் உறுதியான பதில். கரையை ஒட்டிப் போகும் எஸ்.எஸ். 163 சாலை, 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பாறையை வெட்டிப் போட்டது. இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். திருப்பத்துக்கு முன் ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடிப்பார், எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் ஹாரன் வரும், அப்புறம்தான் திரும்புவார். புதியவருக்கு இது நடுக்கம்தான். நெரிசல் காலத்தில் வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, நாள் விட்டு நாள் அனுமதிக்கும் விதியும் 2022இலிருந்து இருக்கிறது. பொசிட்டானோவில் ஒரு நாள் வண்டி நிறுத்தும் கட்டணத்தில் இரண்டு பேர் நன்றாகச் சாப்பிடலாம்.

ரோமிலிருந்தோ நேப்பிள்ஸிலிருந்தோ ரயிலில் சலெர்னோ வந்துவிடுங்கள். அங்கிருந்து படகு. அமால்ஃபிக்கு அரை மணிக்குச் சற்று மேல், பொசிட்டானோவுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல் ஆகும். கரையைக் கடலிலிருந்து முதலில் பார்ப்பதே ஒரு பாக்கியம். படகுகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடும். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் விமானம் பிடிக்கும் நாளில் படகை மட்டும் நம்ப வேண்டாம். பேருந்துக்கு ஏறுவதற்கு முன்பே புகையிலைக் கடையில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சலெர்னோ விமான நிலையமும் 2024 ஜூலையிலிருந்து பயணிகள் விமானங்களுக்குத் திறந்திருக்கிறது.

எலுமிச்சைத் தோட்டம் பார்ப்பது வெறும் சுற்றுலாக் காட்சியா?

இல்லை. இந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் அதைத்தான் பார்ப்பேன்.

இங்கே விளைவது ஸ்ஃபுசாத்தோ என்ற வகை. நம் கையளவு நீளம், இரு முனையும் கூர், வெளிர் மஞ்சள், விதை கொஞ்சம்தான். 2001இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் பழத்தைவிட அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். செங்குத்தான மலையில் சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்னால் மண்ணை நிரப்பி, படிப்படியாக வயல் ஆக்கியிருக்கிறார்கள். செஸ்ட்நட் மரக் கம்புகளை நட்டுக் குறுக்கே கட்டிப் பந்தல் போட்டு, அதன்மேல் கிளைகளைப் படர விடுகிறார்கள். நம் ஊர்ப் புடலம் பந்தல் போலத்தான், ஆனால் கீழே கடல்.

இயந்திரம் ஏறாது. மையோரியில் முன்பு பெண்கள் கூடை கூடையாகப் பழத்தைத் தோளில் வைத்துப் படியிறங்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் ஃபொர்மிகெல்லே, சின்ன எறும்புகள். மையோரிக்கும் மினோரிக்கும் இடையில் அவர்கள் நடந்த பாதையே இன்று எலுமிச்சைப் பாதை. ஒரு மணி நேரத்தில் நடந்துவிடலாம்.

அமால்ஃபிக்கு மேலே ஒரு தோட்டத்தில், வீட்டுக்காரர் ஒரு பழத்தைப் பறித்து, தோலோடு கனமாக வட்டம் வட்டமாக வெட்டி, மேலே துளி சர்க்கரை தூவிக் கொடுத்தார். தோலின் மஞ்சளுக்கு அடியில் விரல் தடிமனுக்கு வெள்ளைச் சதை. அது கசக்கவில்லை, இனித்தது. சுவரைக் காட்டி, ஒரு கல் நழுவினால் அன்றே திரும்ப வைக்க வேண்டும், விட்டால் மழையில் மொத்தமும் சரியும் என்றார். அது உண்மைதான். கைவிடப்பட்ட வயல்களின் மண்தான் பெருமழையில் சாலைக்கும் வீட்டுக்கும் இறங்குகிறது. இந்த மலையைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்தக் கைகள். அதனால் பார்வைக் கட்டணம் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.

சேத்தாராவுக்குப் போக வேண்டுமா?

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கட்டாயம். சேத்தாரா சிறிய மீனவர் ஊர். அங்கே நெத்திலியைத் தலையும் குடலும் நீக்கி, மரப்பீப்பாயில் உப்பும் மீனுமாக அடுக்கி, மேலே கல் வைத்து அழுத்துவார்கள். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஊறி வரும் சாற்றைத் திரும்ப மேலிருந்து விட்டு, அடுக்குகளின் வழியே இறங்க வைத்து, அடியில் போட்ட துளை வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். நிறம் நல்ல தேநீர் போல. பெயர் கொலாத்தூரா. 2020இல் இதற்கும் ஐரோப்பியக் குறியீடு கிடைத்தது.

சமையலில் இதைக் கொதிக்க விடுவதில்லை. பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொத்தமல்லி போலிருக்கும் பார்ஸ்லி, கொஞ்சம் கொலாத்தூரா, எல்லாவற்றையும் பச்சையாகக் கிண்ணத்தில் கலந்து, உப்பில்லாமல் வேகவைத்த ஸ்பகெட்டியைச் சூடாக அதில் புரட்டுவார்கள். அவ்வளவுதான். கருவாட்டுக் குழம்பு பிடித்தவர்களுக்கு முதல் வாயிலேயே புரிந்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

கஷ்டமே இல்லை, கொஞ்சம் கவனம் மட்டும் வேண்டும். மரினாரா பீட்ஸா என்றால் மீன் இருக்கும் என்று பயப்படுகிறார்கள். அதில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய்தான், பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. கத்திரிக்காய் பார்மிஜானா, தக்காளியும் மொட்ஸரெல்லாவும் சேர்த்த நியோக்கி (உருளைக்கிழங்கு மாவு உருண்டை) எல்லா இடத்திலும் கிடைக்கும். மாறாக, எலுமிச்சை பாஸ்தா, காய்கறி வதக்கல் போன்றவற்றில் நெத்திலி ஒளிந்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே" (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்றால் புரியும். பார்மெசான் பாலாடைக்கட்டி செய்யக் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பார்கள் என்பதால், கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஒன்றை விட்டுவிடாதீர்கள்: மையோரி, திரமோன்தி பக்கம் ஆகஸ்டில் கத்திரிக்காயைப் பொரித்துச் சாக்லேட்டில் தோய்த்து இனிப்பாகச் செய்வார்கள் (முட்டை சேரும்). நம்ப முடியாது, ஆனால் அருமை. கொன்காவின் அந்தக் கன்னியர் மடத்தில் பிறந்ததுதான் ஸ்ஃபொல்யத்தெல்லா என்ற அடுக்குப் பலகாரம் என்று அங்கே சொல்கிறார்கள். சாந்தா ரோசா வகையில் மேலே கஸ்டர்டும் புளிப்புச் செர்ரியும் இருக்கும்.

"கடவுளரின் பாதை" நடக்க முடியுமா?

அது ஒரு மலை நடைபாதை. முழங்கால் நன்றாக இருந்தால் முடியும். அஜெரோலாவின் பொமெரானோவிலிருந்து பொசிட்டானோவுக்கு மேலே இருக்கும் நொச்செல்லே வரை, ஆறேழு கிலோமீட்டர். அந்தத் திசையில் போனால் பெரும்பாலும் இறக்கம். நொச்செல்லேயிலிருந்து கீழே சாலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. வேண்டாமென்றால் சிறிய பேருந்தில் இறங்கிவிடலாம். காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். நிழல் கிடையாது. செருப்போடு வருபவர்களை அங்கே பார்த்தேன், கவலையாக இருந்தது.

கடற்கரை எப்படி? மணல் உண்டா?

பெரும்பாலும் கூழாங்கல். நீர்க்காலணி எடுத்துப்போங்கள். கரையின் பெரும்பகுதியில் படுக்கையும் குடையும் வாடகைக்கு. ஓரத்தில் இலவசப் பகுதி சிறிதாக இருக்கும். மையோரியின் கரை நீளமானது.

கோயில், இசை, திருவிழா பார்க்க ஆசை. எதைப் பார்ப்பது?

அமால்ஃபிப் பேராலயத்தின் 62 படிகளில் ஏறுங்கள். வெண்கலக் கதவுகள் 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) வார்க்கப்பட்டவை. திருத்தூதர் அந்திரேயாவின் திருப்பண்டங்கள் (உடல் எச்சங்கள்) 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்தே வந்தன. இன்றும் கீழறையில் இருக்கின்றன. ஜூன் 27இலும் நவம்பர் 30இலும் அவர் சிலையை ஊர்வலமாகக் கொண்டுபோய், திரும்பும்போது அந்தப் படிகளில் ஆண்கள் தோளில் சுமந்துகொண்டு ஓட்டமாக ஏறுவார்கள். ஜூன் விழா, 1544இல் ஓட்டோமான் கடற்படைத் தலைவர் பார்பரோசாவின் கப்பற்படையைப் புயல் விரட்டியடித்த நினைவாக. தேர் நிலைக்கு வரும் நேரத்தில் நம் தொண்டையை அடைக்குமே, அதே உணர்வு.

ரவெல்லோவில் வில்லா ரூஃபொலோ தோட்டம். 1880இல் இசையமைப்பாளர் வாக்னர் இங்கே வந்து, தன் இசை நாடகத்தின் மாயத் தோட்டத்தைக் கண்டுகொண்டதாக எழுதினார். 1953 முதல் நடக்கும் இசை விழாவில், கடலுக்கு மேல் நீட்டிக் கட்டிய மேடையில் வாசிப்பார்கள். விழா நாள்களில் தங்க எண்ணினால் அறையை மிக முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

குறைந்தது நான்கு இரவு. ஒரு நாளில் பொசிட்டானோ, அமால்ஃபி, ரவெல்லோ மூன்றும் பார்த்து ரோம் திரும்புவது பேருந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவதுதான்.

என்ன வாங்கி வரலாம்?

வியெத்ரியின் கைவண்ணப் பீங்கான், பொசிட்டானோவில் பாதத்தை அளந்து கண்முன்னே தைத்துத் தரும் தோல் செருப்பு. என் மனம் போவது அமால்ஃபிக் காகிதத்துக்கு. பருத்தி, லினன் கந்தலை நீரில் அடித்துக் கூழாக்கிச் செய்யும் காகிதம் அது, இடைக்காலத்திலிருந்து வருகிறது. மலை ஓடையின் நீரில் ஓடிய ஆலைகள் வரிசையாக இருந்தன. 1954 அக்டோபர் வெள்ளத்துக்குப் பின் மிகச் சிலவே மிஞ்சின. காகித அருங்காட்சியகத்தில் உங்களையே ஒரு தாள் எடுக்க விடுவார்கள். கம்பி வலை அடித்த மரச்சட்டத்தைக் கூழ்த் தொட்டியில் முக்கி, கிடையாகத் தூக்கி, நீர் வடியும் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். கம்பளித் துணியில் கவிழ்த்து எடுத்தால், ஓரம் பிசிறிய, வெளிச்சத்தில் நீர்க்குறி தெரியும் ஒரு தாள்.

கொலாத்தூரா வாங்கினால் சிறிய புட்டியாக வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பெட்டியில் வையுங்கள். காகிதத்தைத் தனியாக, கைப்பையில்.